டம்ளர் வெந்நீரும் இருபது மதிப்பெண்ணும்

ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளோமா மாணவர்கள் கணிதத்தில் ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ என்ற ஆய்வுக் கட்டுரையைத் தாங்களே எழுத வேண்டும். 12 முதல் 20 பக்கம் வரை எழுதலாம். பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்குத்தான்.

கட்டுரைக்கு மதிப்பெண் 20. அதில் கட்டுரை அமைப்புக்கு 4, குறியீடுகளையும் வரைபடங்களையும் கையாளும் விதத்துக்கு 4, சொந்த ஈடுபாட்டுக்கு 3, கிடைத்த விடையை எடைபோடுவதற்கு 3, கணிதத்துக்கு 6. கடினமான கணிதம் மட்டுமே கரைசேர்க்காது என்பது இதிலேயே தெரிகிறது.

‘கணிதமும் இசையும்’ போன்ற தலைப்புகள் கடல்; இருபது பக்கத்தில் அடங்காது. ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள். உதாரணமாக, டம்ளரில் ஊற்றிய வெந்நீர் எப்போது குடிக்கும் சூட்டுக்கு வரும்?

அறை வெப்பநிலை 30 டிகிரி, வெந்நீர் 80 டிகிரி, பத்து நிமிடம் கழித்து 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறையைவிடக் கூடுதலாக இருந்த சூடு 50-லிருந்து 30 ஆகிவிட்டது, அதாவது 0.6 மடங்கு. நியூட்டனின் குளிர்வு விதிப்படி அடுத்த பத்து நிமிடத்திலும் அதே மடங்கு குறைந்து, கூடுதல் சூடு 18 ஆகும். தண்ணீர் 48 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பமானியோ 50 காட்டுகிறது.

பலர் இங்கே ‘அளவீட்டுப் பிழை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். நல்ல கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஆவியாகும் நீர் கூடுதல் சூட்டைக் கொண்டுபோயிருக்குமோ? டம்ளரை மூடிவைத்து மறுபடி அளந்தால் கணக்கு ஒத்துவருமா? இப்படிக் கேட்டு, செய்து பார்த்து, சமன்பாட்டைத் திருத்துவதுதான் ஈடுபாடு. ‘சின்ன வயதிலிருந்தே எனக்குக் கணிதம் பிடிக்கும்’ என்ற முன்னுரை அதற்கு ஈடாகாது. விடையை எடைபோடுவதையும் முடிவுரைக்கு ஒத்திவைக்காமல் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யுங்கள்.

கணிதம் பாடத்திட்டத்தின் தரத்தில் இருந்தால் போதும். புரியாத பெரிய சூத்திரத்தைவிடப் புரிந்துகொண்ட சிறிய சூத்திரமே மதிப்பெண் தரும். ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது என்று சொல்லுங்கள்; வரைபட அச்சுகளில் அலகைக் குறிப்பிடுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போடும் கணினிப் பழக்கம் வேண்டாம். பிறரிடமிருந்து எடுத்ததற்கு அந்த இடத்திலேயே மூலம் காட்டுங்கள்.

எழுதி முடித்ததும் வகுப்புத் தோழரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.