முனைவர் பட்டத்துக்கு மூன்று அழைப்புகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

பொறியியல் பட்டம் பெற்றுவிட்டீர்கள். ஆய்வில் ஆர்வம் இருந்ததால் முனைவர் பட்டப் படிப்புக்குப் பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்தீர்கள். இப்போது மார்ச் மாதக் கடைசி. கையில் மூன்று அழைப்புக் கடிதங்கள்: ஒன்று சிங்கப்பூரிலிருந்து, ஒன்று ஜெர்மனியிலிருந்து, ஒன்று அமெரிக்காவிலிருந்து. மூன்றிலும் படிப்புச் செலவை அவர்களே ஏற்கிறார்கள்; மாதந்தோறும் பணமும் தருகிறார்கள். வீட்டில் அப்பா உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்துவைத்து எது மேலே இருக்கிறது என்று பார்க்கிறார். அம்மா எங்கே அதிகப் பணம் என்று கேட்கிறார்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் எதை ஆராய்வீர்கள், எவ்வளவு சுதந்திரம் இருக்கும், நடுவில் சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

நான்கு வகைப் பணம்

முதல் வகை, உங்கள் பெயருக்கே வழங்கப்படும் உபகாரச் சம்பளம். சிங்கப்பூரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கப்படும் ‘சிங்கா’ விருது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். மலேசிய மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பணம் உங்கள் பெயரில் இருப்பதால், தலைப்பையோ மேற்பார்வையாளரையோ மாற்ற நேர்ந்தால் பேசிப் பார்க்க இடம் இருக்கும். ஆனால் சில உபகாரச் சம்பளங்களில், படித்து முடித்ததும் இத்தனை ஆண்டு எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கையெழுத்திடும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

இரண்டாம் வகை, பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வரும் பணம். அமெரிக்கப் பொறியியல் துறைகளில் இதுவே மிகப் பரவலானது. மலேசிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு உதவியாளர்களுக்குத் தரப்படும் படித்தொகையும் இந்த வகைதான். மின்கலம் ஒன்றின் ஆயுளைக் கூட்டுவதற்காகப் பேராசிரியர் மூன்றாண்டு நிதி பெற்றிருக்கிறார் என்றால், நீங்கள் அந்த மின்கலத்தில்தான் வேலை செய்வீர்கள். தலைப்பு பிடித்திருந்தால் இது நல்ல வழி. கருவிகள், மூலப்பொருள், மாநாட்டுப் பயணம் என்று பல செலவுகளைத் திட்டமே பார்த்துக்கொள்ளும். ஆனால் நிதி மூன்றாண்டில் முடிந்து, உங்கள் ஆய்வு முடியாமல் இருந்தால்?

மூன்றாம் வகை, கற்பித்தலுக்கான பணம். பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பதும், ஆய்வுக்கூடத்தில் உதவுவதும், தாள் திருத்துவதும் உங்கள் பொறுப்பு. அமெரிக்காவில் இது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை போகலாம். அந்த நேரம் உங்கள் ஆய்விலிருந்துதான் போகும்.

நான்காம் வகை, வேலை ஒப்பந்தம். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். விடுமுறை, மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. வருமான வரியும் உண்டு. ஜெர்மன் கடிதத்தில் சம்பள நிலை 13 என்று இருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். முழுப் பணியிடமா, முக்கால் பணியிடமா, அரைப் பணியிடமா என்று பாருங்கள். பொறியியலில் முழுப் பணியிடம் அதிகம். ஆனாலும் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு.

மாதத் தொகையை எப்படிக் கணக்கிடுவது?

கடிதத்தில் உள்ள தொகை, கையில் வரும் தொகை அல்ல. அமெரிக்காவில் வாழ்க்கைச் செலவுக்குத் தரும் பணத்துக்கு வரி உண்டு. கல்விக் கட்டணம் தள்ளுபடியானாலும் வேறு சில கட்டணங்களும் மருத்துவக் காப்புறுதியும் உங்கள் தலையில் விழலாம். பிரிட்டனில் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கு வரி இல்லை. ஆகவே வரி, காப்புறுதி, வாடகை மூன்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிடுங்கள்.

அடுத்தது காலம். பிரிட்டனின் அரசு ஆய்வு நிதி அமைப்பு 2025-26 கல்வியாண்டுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 1,730 பவுண்டு. இதே தொகை மூன்றரை ஆண்டுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 72,730 பவுண்டு. ஆய்வேட்டை முடிக்க 4 ஆண்டாகிவிட்டால் அதே பணத்தை 48 மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். மாதம் 1,515 பவுண்டுதான் வரும். வாடகைக்கு இது பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் 5 ஆண்டோ அதற்கு மேலோ ஆவது சாதாரணம். ‘எத்தனை ஆண்டுக்குப் பணம் உறுதி?’, ‘உங்கள் மாணவர்கள் முடிக்கச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது?’ என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு விடைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை யார் நிரப்புவார் என்பது மூன்றாவது கேள்வி.

ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள்

தரவரிசை ஒரு பல்கலைக்கழகம் முழுவதையும் அளக்கிறது. நீங்கள் வாழப்போவதோ பத்துப் பதினைந்து பேர் உள்ள ஓர் ஆய்வுக் குழுவில். பொறியியல் ஆய்வு கருவிகளை நம்பியிருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி, காற்றுச் சுரங்கம், சில்லு தயாரிக்கும் தூய அறை போன்றவற்றைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். கருவி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. முன்பதிவு செய்தால் எத்தனை வாரத்தில் முறை வரும், பழுதானால் சரிசெய்யத் தொழில்நுட்பர் இருக்கிறாரா, ஒரு மணி நேரப் பயன்பாட்டுக்கு யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள்.

தனியார் நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் திட்டமா? அப்படியானால் ஆய்வு முடிவுகளை எப்போது வெளியிடலாம் என்று விசாரியுங்கள். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியான கண்டுபிடிப்பு புதியதாகக் கருதப்படாது. அதனால் காப்புரிமை விண்ணப்பம் போகும்வரை உங்கள் கட்டுரையை நிறுத்திவைக்கலாம். சில மாதம் என்றால் பரவாயில்லை. பட்டம் பெறுவதே தள்ளிப்போகும் என்றால் யோசிக்க வேண்டும்.

மேற்பார்வையாளரைப் பற்றி அவரிடமே கேட்பதைவிட அவருடைய மாணவர்களிடம் கேட்பது நல்லது. வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறாரா? சோதனை தோல்வியடைந்தால் எப்படி நடந்துகொள்கிறார்? கடைசியாக முடித்த ஐந்து பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? அமெரிக்காவில் இளம் பேராசிரியருக்கு நிரந்தரப் பதவி கிடைக்குமா என்பது பொதுவாக ஆறாம் ஆண்டு வாக்கில் முடிவாகும். கிடைக்காவிட்டால் அவர் வேறிடம் போக நேரிடும். அவர் ஐந்தாம் ஆண்டில் இருக்கும்போது நீங்கள் சேர்ந்தால் அது உங்களையும் தொடும். ஓய்வுக்கு நெருங்கிய பேராசிரியரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘நீங்கள் இடம் மாறினால் மாணவர் நிலை என்ன?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல மேற்பார்வையாளர் கோபப்பட மாட்டார்.

அவசரப்பட வேண்டாம்

‘இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்’ என்று சில கடிதங்கள் நெருக்கும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ள ஓர் உடன்பாட்டின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15ஆம் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்களை அழைத்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் இந்த விதி இல்லை. ஆனாலும் காரணத்தைச் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இனி ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பணம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு உறுதி, செலவு போக மிச்சம் எவ்வளவு, கருவி எப்போது கிடைக்கும், மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். விடை தெரியாத கட்டம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அப்பாவின் தரவரிசையையும் அம்மாவின் கேள்வியையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஊருக்கு அருகில் இருக்க வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு காரணம்தான்.

முடிவு செய்தபின் மற்ற இருவருக்கும் நன்றி சொல்லி உடனே தெரிவித்துவிடுங்கள். நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு மாணவர் இருக்கலாம். நீங்கள் மறுத்த பேராசிரியரை நாளை ஒரு மாநாட்டில் சந்திக்கவும் கூடும்.