அச்சாகாத முதல் எழுத்து

ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு சின்ன நிரல். 1 முதல் 200 வரையுள்ள எண்களை வரிக்கு ஒன்றாக அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று இலக்கத்துக்கு இடம் விட்டால் போதும் என்று ஃபார்மட் வரியில் ‘ஐ3’ என்று எழுதியாயிற்று. 1960களின் ஐபிஎம் கணினிக்கூடம் ஒன்றில் இதை ஓடவிட்டால் 99 வரை ஒரு தொந்தரவும் இருக்காது. 100 வந்ததும் பிரிண்டர் புதிய பக்கத்துக்குத் தாவி, அதில் ‘00’ என்று மட்டும் அடிக்கும். மறுபடி ஒரு தாவல், அடுத்த பக்கத்தில் ‘01’. இப்படி 199 வரை நூறு எண்களுக்கு நூறு பக்கம். 11 அங்குலத் தாளில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 28 மீட்டர் காகிதம்.

இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. பிரிண்டருக்குப் போகும் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து அச்சுக்கு உரியதல்ல, காகிதத்தை நகர்த்துவதற்கான உத்தரவு என்பது அன்றைய ஏற்பாடு. முதல் இடம் காலியாக இருந்தால் அடுத்த வரிக்குப் போ. 0 இருந்தால் ஒரு வரி விட்டு அடி. 1 இருந்தால் புதுப் பக்கம். கூட்டல் குறி இருந்தால் காகிதத்தை நகர்த்தாமல் அதே வரியின் மேலேயே அடி. கடிதத்தின் முதல் எழுத்தையே தபால்காரர் விலாசமாக எடுத்துக்கொள்வது போன்ற காரியம்தான். 99 வரை எண்களுக்கு முன்னால் இருந்த வெற்றிடமே உத்தரவாகிப் போனதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நூறிலிருந்த 1 முதல் இடத்துக்கு வந்ததும் பிரிண்டர் அதை உத்தரவாக விழுங்கிவிட்டது.

தரவையும் கட்டளையையும் ஏன் இப்படி ஒரே வரியில் கலந்தார்கள்? ஜான் பேக்கஸ் குழுவினர் 1957இல் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான், ஐபிஎம் 704 கணினிக்காக எழுதப்பட்டது. அதோடு இணைந்த பிரிண்டர் நிமிடத்துக்கு 150 வரிதான் அடிக்கும். அவ்வளவு விலையுள்ள கணினியைப் பிரிண்டருக்காகக் காக்க வைக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே விடைகளைக் காந்த நாடாவில் எழுதி, நாடாவைக் கழற்றி எடுத்துப்போய், வேறோர் இயந்திரத்தில் மாட்டி அச்சடித்தார்கள். அதற்கென்றே ‘ரைட் அவுட்புட் டேப்’ என்றொரு கட்டளை முதல் ஃபோர்ட்ரானிலேயே இருந்தது. அச்சு நடக்கும் நேரத்தில் நிரல் எப்போதோ முடிந்து, கணினியில் வேறொருவரின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தை மாற்று என்று அப்போது சொல்ல ஆள் கிடையாது. உத்தரவும் வரியோடு வரியாக நாடாவில் ஏறிப் போவதுதான் ஒரே வழி. பார்க்க அசட்டுத்தனமாக இருந்தாலும், அந்தச் சூழலுக்கு இது கெட்டிக்கார ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

1959இல் ஐபிஎம் 1401 கணினியோடு வந்த 1403 பிரிண்டர்தான் இந்தக் கூத்தின் முக்கியப் பாத்திரம். எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று அதில் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும்: 48 எழுத்துகள் கொண்ட தொகுதி ஐந்து முறை, மொத்தம் 240. வேண்டிய எழுத்து வேண்டிய இடத்தைக் கடக்கும் கணத்தில், காகிதத்தின் பின்னாலிருந்து சுத்தி ஒன்று அறையும். 132 இடங்களுக்கு 132 சுத்திகள், நிமிடத்துக்கு 600 வரி. பின்னால் வந்த என்1 மாடல் 1,100 வரி அடித்தது. காகிதம் தீர்ந்தால் அதன் மூடி தானாகவே மேலே எழும்பும். மூடி மேல் காபிக் கோப்பையை வைத்தவர் பாடு திண்டாட்டம்.

பக்கம் எங்கே தொடங்குகிறது என்பது இந்தப் பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? உள்ளே, துளையிட்ட காகித நாடா ஒன்று வளையமாகச் சுற்றும். அதில் 12 தடங்கள். ‘1’ என்ற உத்தரவுக்கு, முதல் தடத்தில் துளை வரும்வரை காகிதத்தை ஓட்டு என்று பொருள். ‘2’ என்றால் இரண்டாம் தடத்தின் துளை. நம் நிரல் 200ஐத் தொடும்போது பிரிண்டர் அந்தத் துளையைத் தேடும். நாடாவில் அங்கே துளையே போடாமல் இருந்தால்? ஆபரேட்டர் ஓடிவந்து நிறுத்தும் வரை வினாடிக்கு 75 அங்குலம் வேகத்தில் வெற்றுக் காகிதம் பீறிட்டு விழும். இதற்குப் பயந்தே அனுபவசாலிகள் ஃபார்மட்டின் தொடக்கத்தில் ‘1எக்ஸ்’ என்று போட்டு, வெற்றிடம் ஒன்றைக் காவலுக்கு நிறுத்துவார்கள்.

கூட்டல் குறியின் கதை வேறு. தலைப்புக்கு அடிக்கோடு போடவும், அதே எழுத்தை இரண்டு முறை அடித்துத் தடிமனாக்கவும் அது பயன்பட்டது. ஓ, எக்ஸ், ஏ, வி என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடித்தால் அந்த இடம் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். வெறும் புள்ளி வைத்தால் வெளிறிய சாம்பல். ஹோவர்ட் ஃபிஷர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இதை வைத்து வரைபடமே போட்டார். அவர் 1960களில் உருவாக்கி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த ‘சைமேப்’ நிரல், மக்கள்தொகை அடர்த்தி போன்றவற்றைக் கறுப்பின் ஏற்ற இறக்கத்தில் காட்டியது. எழுத்து மட்டுமே அடிக்கத் தெரிந்த பிரிண்டரில் நிலப்படம்! இன்றைய கணினி வரைபட மென்பொருள்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

1403 பிரிண்டர் இன்றும் ஓடுவதைப் பார்க்க விரும்பினால் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மொழியில் மட்டும் பழைய வழக்கம் முழுதாகப் போகவில்லை. முதல் எழுத்தை உத்தரவாகக் கொள்ளும் விதி ஃபோர்ட்ரான் 2003 தரவிதியில் நீக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் பிரிண்டரைக் குறித்த எண் 6, ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் இன்று திரையைக் குறிக்கிறது. ‘பிரிண்ட் *’ என்று எழுதி ஒரு விடையை வரவழைத்தால், வரியின் இடது ஓரத்தில் ஓர் இடம் காலியாகவே வரும். அந்த வெற்றிடத்தைத் தரவிதி இன்னும் எடுக்கவில்லை. வேண்டாம் என்பவர்கள் தாங்களே ஃபார்மட் எழுதித்தான் தவிர்க்க வேண்டும்.