ஒரு காது மட்டும் மந்தமானால்

திருப்பூர் வேலம்பாளையம் பக்கத்தில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காது மந்தம் என்றால், பழி முதலில் மெஷின் மேல்தான் விழும். ஆனால் இரைச்சல் பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே கெடுக்கும். செல்போனை வலது காதில் வைத்தால் சத்தம் வருகிறது, பேச்சு புரியவில்லை. இடது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்கிறது என்றால், மெஷினை விட்டுவிட்டு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுப்பார். ஒரு பக்கக் கோடு மட்டும் சரிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பார்.

பலருக்கு அதில் ஒன்றும் இருக்காது. ஆண்டுக்கு லட்சம் மக்களில் ஏறக்குறைய ஒருவருக்கு 'அக்கூஸ்டிக் நியூரோமா' என்ற கட்டி தெரியும். புற்றுநோய் அல்ல. பொதுவாக ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். வம்பு, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில். மண்டையோட்டின் அடித்தளத்தில், முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியின் மேலேயே ஒட்டிப் படர்ந்திருக்கும். கட்டி பெருத்தால் மூளைத்தண்டை நெருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குக் கத்தி வைத்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1917இல் இந்தக் கட்டியைப் பற்றித் தனி நூலே எழுதிய ஹார்வி குஷிங், உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலுறையை விட்டுவைத்து உயிரிழப்பை வெகுவாகக் குறைத்தார். அடுத்த பெரிய திருப்பம் 1960களில் லாஸ் ஏஞ்சலீஸில் வந்தது. பல் மருத்துவம் படித்துவிட்டுக் காது மருத்துவத்துக்கு வந்த வில்லியம் ஹவுஸ், நுண்ணோக்கி வைத்துக் காதெலும்பு வழியாகவே கட்டியை அடைந்தார். மூளைக்குப் பக்கத்தில் காது மருத்துவருக்கு என்ன வேலை என்று நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தபோது, அவர்களில் ஒருவரான வில்லியம் ஹிட்செல்பெர்கர் ஹவுஸோடு சேர்ந்து நின்றார்.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டு மனப்பான்மைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். கத்தி பிடிப்பவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே சங்கம்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது திருப்பூருக்குப் புதிதா என்ன? நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காஜா பட்டன் வேறோரிடம். ஆனால் ஜாப் ஒர்க்கில் ஒருவர் முடித்து அனுப்பியதைத்தான் அடுத்தவர் கையில் எடுப்பார். இந்த அறுவையில் அந்தக் கணக்கு செல்லாது. காது மருத்துவர் எந்த எலும்பை எவ்வளவு குடைகிறாரோ, அதைப் பொறுத்தே அடுத்தவரின் கருவி உள்ளே நுழையும் கோணம் அமையும். அதனால் எல்லாரும் ஸ்கேனை முன்னால் வைத்து முதலிலேயே பேசித் தீர்த்தாக வேண்டும். உட்காது வழியாகப் போனால் முகநரம்பை ஆரம்பத்திலேயே அடையாளம் காணலாம், ஆனால் அந்தக் காதின் கேட்கும் திறன் போய்விடும். கேட்கும் திறன் மிஞ்சியிருந்தால் வேறு பாதை. சிறிய கட்டி என்றால் கத்தியே வேண்டாம், கதிர்வீச்சு போதும், அல்லது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம் என்றும் முடிவாகலாம். நோயாளிக்கு இந்தக் கூட்டத்தில்தான் பாதி சிகிச்சை என்பேன்.

அறுவை அரங்கில் வைர முனை டிரில் எலும்பை அரைக்கும்; சூடேறாமல் இருக்க மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். முகநரம்பின் மேல் மெல்லிய எலும்புத் தோலை மட்டும் விட்டுவைப்பார்கள். பிறகு நரம்பியல் அறுவை மருத்துவர் மூளையுறையைத் திறந்து, அல்ட்ராசவுண்டு கருவியால் கட்டியின் உள்ளேயிருப்பதை உறிஞ்சி எடுப்பார். நோயாளியின் கண்ணோரமும் வாயோரமும் ஊசி மின்முனைகள் செருகியிருக்கும். மின்தூண்டல் நரம்பில் பட்டால் மானிட்டர் சத்தமிடும். மயக்க மருத்துவர் தசையைத் தளர்த்தும் மருந்தை அந்த நேரம் தவிர்க்காவிட்டால் இந்தக் காவல் ஊமையாகிவிடும். நரம்பில் இறுக ஒட்டிய துணுக்கைச் சில சமயம் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அது வளர்ந்தால் கதிர்வீச்சு. எடுத்த இடத்தை அடைக்க வயிற்றுக் கொழுப்பு. அதன் பிறகும் முகம் கோணினால், மூடாத கண் வறண்டு புண்ணாகாமல் பார்க்கக் கண் மருத்துவர், முகத்துக்குப் பயிற்சி தர பிசியோதெரபிஸ்ட்.

என்.எஃப்.2 என்ற மரபணுக் கோளாறில் கட்டி இரு பக்கமும் வரும். இரண்டு ஒலி நரம்பும் போனால் காக்ளியர் இம்பிளான்ட் உதவாது. 1979இல் ஹவுஸும் ஹிட்செல்பெர்கரும் அப்படி ஒருவருக்கு மின்முனையை நேரே மூளைத்தண்டில் பொருத்தினார்கள். அந்த வகை இம்பிளான்ட்டைச் சென்னையில் காது மருத்துவர் மோகன் காமேஸ்வரனின் குழு, ஒலி நரம்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குப் பொருத்துகிறது.