கடன் வாங்கிய மெட்டு

சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காகத் தயங்கி நிற்பது வழக்கம். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்ட பிரயாணிக்குத் தண்டவாளங்களும் பக்கிங்ஹாம் கால்வாயும்தான் கண்ணில் படும். அப்பால் இருக்கும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் தமிழ் சினிமாவுக்கே பாட்டுக் கடன் கொடுத்த பேட்டைகள் என்பது அவருக்குத் தெரிந்திராது!

அந்தப் பாட்டுக்குப் பெயர் கானா. சாவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள், இறந்தவரின் பெருமையையும் வாழ்வின் நிலையாமையையும் பாடுவார்கள். டோலக் உண்டு. அது இல்லாவிட்டால் தகர டப்பாவே போதும்.

சினிமாவிடம் வாங்கியது

கானாக்காரர்கள் சினிமா மெட்டை எடுத்துக்கொள்ளத் தயங்கியதே இல்லை. கொட்டகையில் கேட்ட காதல் பாட்டின் மெட்டு, சாவு வீட்டில் வேறு சொற்களோடு ஒலிக்கும். தெரிந்த மெட்டு ஆதலால் கூட்டமும் உடனே சேர்ந்து பாடும். மெட்டு பழையது, துக்கம் புதியது.

சினிமா வாங்கியது

பிறகு சினிமாவும் கை நீட்டியது. 1996-ல் வெளிவந்த ‘காதல் கோட்டை’யில் இசையமைப்பாளர் தேவா தாமே கானா பாடினார். நாடெங்கும் அது பிரசித்தியாயிற்று. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் மீன்களின் கல்யாணப் பாட்டைக் கானா உலகநாதன் பாடியதோடு திரையிலும் தோன்றினார். 2012-ல் ‘அட்டகத்தி’யில் பாடிய கானா பாலா, புளியந்தோப்புக்காரர்; வக்கீலுக்குப் படித்தவர். 2018-ல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, மேல்நாட்டு ராப், ராக் இசையோடு கானாவைச் சேர்த்து மேடையேற்றியது.

கணக்கு யாரிடம்?

கொடுக்கல் வாங்கலில் தவறில்லை. ஆனால் கணக்கு ஒரே மாதிரி இல்லை. சினிமாப் பாட்டுக்கு இசைத்தட்டும் ஒப்பந்தமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அவர் படைப்பைக் காக்கிறது. 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியரின் ராயல்டி உரிமையை மேலும் பலப்படுத்தியது.

சாவு வீட்டில் விடிவதற்குள் பிறந்த பாட்டுக்கு ஏது ஒப்பந்தம்? ஒருவர் கட்டினார், இன்னொருவர் இரண்டு அடி சேர்த்தார், மூன்றாமவர் ஊரெங்கும் பாடினார். கட்டியவர் இவர்தான் என்று நிரூபிப்பது எப்படி? சட்டம் இருந்தும் சாட்சி இல்லை.

ஆகவேதான் படத்தின் எழுத்து ஓடும்போது ஒரு கானா பாடகரின் பெயர் வந்தால் அது சிறிய விஷயமல்ல. வாங்கிய கடனுக்குச் சினிமா எழுதிக் கொடுக்கும் ரசீது அது.