லோஹ்ரி: பஞ்சாபின் குளிர்கால நெருப்பு

ஜனவரி 13 இரவு. வயலில் கோதுமை இன்னும் பச்சைப் பயிர்தான். வெட்டப்பட்டு ஆலைக்குப் போவது கரும்பு. அதனால்தான் லோஹ்ரிப் பண்டிகையின் தட்டில் புது வெல்லம், எள், வேர்க்கடலை, சோளப்பொரி, எள் அப்பிய ரேவடி மிட்டாய். சீக்கியரும் இந்துக்களும் நெருப்பைச் சுற்றி வந்து ஒரு கைப்பிடியைத் தீயிலிட்டு, மீதியைப் பகிர்ந்து உண்பார்கள்.

பிள்ளைகள் வீடு வீடாகப் பாடும் பாட்டின் நாயகன் துல்லா பட்டி: அக்பர் ஆட்சியை எதிர்த்து, லாகூரில் தூக்கிலிடப்பட்ட முஸ்லிம் வீரர். கடத்தப்பட்ட பெண்களை மீட்டு, சர்க்கரையைச் சீர்வரிசையாகக் கொடுத்து மணமுடித்து வைத்தார் என்கிறது மரபுக்கதை. இந்துக்களும் சீக்கியரும் அவரை இன்றும் பாடுவதே இப்பண்டிகையின் பேரழகு.

புதுமணத் தம்பதிக்கும் பிறந்த குழந்தைக்கும் முதல் லோஹ்ரி தனிச்சிறப்பு. முன்பு ஆண் குழந்தைக்கே கொண்டாடினார்கள்; இப்போது பல ஊர்களில் பெண் குழந்தைக்கும் நெருப்பு மூட்டுகிறார்கள்.