எரிந்த வாயுவும் எஞ்சினும்

பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் எரிந்த வாயுவில் சிறு பங்கை மீண்டும் அதனுள்ளேயே செலுத்துவது ஏன்? எஞ்சினுள் வெப்பம் மிகுந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி, நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் ஆக்ஸைடுகள் பிறக்கின்றன. எரிந்த வாயு மறுபடி எரியாது. வெப்பத்தை ஏற்று அதனைத் தணிக்கும். அவ்வாயுவை அளந்து விடுவதே ஈ.ஜி.ஆர். வால்வு.

இதில் கரி படிந்தால் இருவகைக் கோளாறு நேரும். திறந்தபடி சிக்கினால், நின்ற வண்டியின் எஞ்சின் நடுங்கும், அணைந்தும் போகும். மூடியபடி சிக்கினால், மேடேறுகையில் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழும்.

குறியைக் கண்டதும் பொருளை மாற்றுதல் முறையன்று. காரணத்தைச் சோதித்தறிதலே முறை என்பேன். வெற்றிடத்தால் இயங்கும் பழைய வகை வால்வாயின், சூடேறிய எஞ்சின் மெல்ல ஓடும்போது கைப்பம்பினால் காற்றை உறிஞ்சி அதனைத் திறக்க வேண்டும். எஞ்சின் தடுமாறினால் வாயு செல்லும் வழி சரி. வால்வு திறந்தும் தடுமாறாவிடில், வழி கரியால் அடைபட்டுள்ளது. வெற்றிடம் நில்லாவிடில், வால்வின் சவ்வு கிழிந்தது. அப்போதுதான் புதிய வால்வு தேவை. கரியாயின், எஞ்சின் ஆறியபின் வால்வைக் கழற்றி, அதனையும் வழியையும் துலக்கி, புதிய கேஸ்கெட் இட்டுப் பொருத்தினால் போதும்.

சிலர் வழியையே தகட்டால் அடைத்துவிடுகின்றனர். வண்டி ஓடும், நஞ்சோ தெருவில் நடப்போர் மூச்சில் கலக்கும். அதனைப் பழுது நீக்கல் என்று நான் கூறமாட்டேன்.