பால்மரத்தின் சர்க்கரை வாசல்கள்



விடியற்காலையில் மரம் சீவுகிறோம். பால் வடிந்து மங்கில் நிறைகிறது. அந்தப் பாலில் உள்ள ரப்பருக்கு மூலப்பொருள் எது தெரியுமா? சர்க்கரைதான். கரும்பை இனிக்கச் செய்யும் சுக்ரோஸ் என்ற சர்க்கரையையே ரப்பர் மரத்தின் இலையும் வெயிலின் துணையால் உண்டாக்குகிறது.

இச்சர்க்கரை நீரில் கரைந்து பட்டையின் வழியே கீழே இறங்கி, பால்குழாய்களை நெருங்குகிறது. ஆனால் உள்ளே நுழைவது எளிதன்று. பால்குழாயைச் சுற்றி எண்ணெய்ப் பசை கொண்ட மெல்லிய சவ்வு உள்ளது. நீரில் கரைந்த சர்க்கரை அதைத் தானாகக் கடக்க முடியாது.

அதற்காகவே சவ்வில் சில புரதங்கள் வாசல்களாக அமைந்துள்ளன. நீண்ட சங்கிலி போன்ற இப்புரதம் சவ்வினூடே 12 முறை வளைந்து செல்கிறது. அதன் நடுவில் ஒரு குழி. பூட்டுக்கேற்ற சாவிபோல், அக்குழியில் சுக்ரோஸ் வந்து பொருந்துகிறது. பொருந்தியதும் வெளிப்பக்கம் மூடி, உட்பக்கம் திறக்கிறது.

இதற்குச் செலவும் உண்டு. செல், தன் சக்தியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை மீண்டும் உள்ளே பாயும்போது சுக்ரோஸையும் உடன் அழைத்து வருகின்றன. இத்தகைய வாசலுக்குரிய மரபணுவை விஞ்ஞானிகள் முதன்முதலில் 1992இல் பசலைக்கீரையில் கண்டறிந்தனர். 2009இல் வெளிவந்த ரப்பர் மர ஆய்வொன்று, எத்திஃபோன் என்னும் ஊக்க மருந்தைப் பூசினால் இத்தகைய சில வாசல்களின் மரபணுக்கள் அதிகம் வேலை செய்வதைக் காட்டியது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசல் சர்க்கரையை உள்ளே விடுமே தவிர, உண்டாக்காது. உண்டாக்குவது இலைதான். இலையுதிர் காலத்தில் பால் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வின்றிச் சீவி, மருந்தையும் அளவு மீறிப் பூசினால், பாலில் சர்க்கரை குறையும், மரம் களைக்கும், நாளடைவில் வெட்டுப்பட்டை வறண்டு பால் நின்றுவிடக்கூடும். வறண்ட மரம் மங்கை நிரப்பாது. மங்கு நிரம்பாவிட்டால் நம் வருமானமும் குறையும்.

ஆகவே, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே மரத்துக்கு விடும் ஓய்வு நாள் வீண் நாளன்று. அன்று சர்க்கரை வாசல் வழியே உள்ளே வந்து, அடுத்த பாலாக மாறிக்கொண்டிருக்கிறது. கோட்டின் ஒரு பகுதியில் பால் கசியாமல் வறண்டிருந்தால், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்வோம். மரத்தைக் காப்பது நம் பிழைப்பைக் காப்பதாகும்.